அப்டேட் வந்தாச்சு, அடுத்து என்ன? – ரசிகர் ரியாக்‌ஷனும் ஃபீட்பேக் லூப்பும்

மாலை 6 மணிக்கு ஒரு ஃபர்ஸ்ட் லுக் வருதுன்னு வைங்க. 5.55-க்கே ஹாஸ்டல் வைஃபை திணற ஆரம்பிச்சிடும். 6.01-க்கு பக்கத்து ரூமிலிருந்து விசில். 6.02-க்கு கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் முதல் தீர்ப்பு: "சுமார்தான் மச்சி." 6.05-க்கு மீம் ரெடி. அந்தப் போஸ்டருக்குப் பின்னால் யாரோ ஒருத்தர் பல வாரம் உட்கார்ந்திருப்பார். நம்ம தீர்ப்புக்கு மூணு செகண்ட் போதும்.

இதைப் பத்தி நான் யோசிக்க ஆரம்பிச்சதுக்குக் காரணம் சினிமா இல்லை. போன வருஷம் எங்க டிபார்ட்மெண்ட் சிம்போசியத்துக்குப் போஸ்டர் பண்ணினது நான். மூணு ராத்திரி வேலை. குரூப்பில் போட்ட பத்து நிமிஷத்தில் சிரிக்கிற எமோஜியாக வரிசை கட்டியது. "இது சிம்போசியமா, சீட்டுக் கம்பெனி விளம்பரமா?" என்று ஒருத்தன் கேட்டான். ஒரே ஒரு ஜூனியர் பொண்ணு மட்டும் தனியா மெசேஜ் அனுப்பினாள்: "அண்ணா, மஞ்சள் மேல வெள்ளை எழுத்து. ஃபோன்ல தேதியே படிக்க முடியல." அதை உடனே மாத்தினேன். மத்த எல்லாருடைய கமெண்டும் இன்னும் ஞாபகம் இருக்கு. ஆனா அதை வெச்சு அந்தப் போஸ்டரில் ஒரு புள்ளியைக்கூட என்னால் திருத்த முடியலை.

ரெண்டுமே ரியாக்‌ஷன்தான். ஒண்ணு வேலைக்கு ஆச்சு, இன்னொண்ணு ஆகலை. ஏன்? கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தால், பதில் முதல் யூனிட்டிலேயே இருக்கு.

கொஞ்சம் ரிவிஷன் பண்ணிடுவோம். லேப் ஏசியில் 24 டிகிரி செட் பண்றீங்க. அது ரெஃபரன்ஸ். ரூமில் இப்போ 29 டிகிரி. அது அவுட்புட். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் 5. அதுதான் எர்ரர். அந்த எர்ரரைப் பார்த்துத்தான் கம்ப்ரஸர் வேலை செய்யுது. அவுட்புட்டைத் திரும்ப எடுத்துட்டு வந்து ரெஃபரன்ஸோடு ஒப்பிடுற அந்தப் பாதைதான் ஃபீட்பேக்.

ஒரு அறிவிப்பு வந்ததும் நாம செய்றதும் இதேதான். மனசுக்குள்ள ஒரு ரெஃபரன்ஸ் இருக்கு. வந்தது அவுட்புட். வித்தியாசம்தான் நம்ம கோபமோ குஷியோ. இந்த லூப் எங்கே நல்லா வேலை செஞ்சது, எங்கே கோளாறு ஆச்சு என்று அஞ்சு உண்மைக் கதைகளில் பார்ப்போம், வாங்க.

பாடம் 1: அளந்து சொன்ன எர்ரர் – சோனிக்கின் பல்

2019 ஏப்ரல் 30. 'சோனிக் த ஹெட்ஜ்ஹாக்' படத்தின் முதல் ட்ரெய்லர் வந்தது. 1991-ல் சேகா நிறுவனம் கொண்டுவந்த வீடியோ கேம் ஹீரோ அந்த நீல முள்ளெலி. பெரிய கண்ணு, வெள்ளைக் கையுறை, சிவப்பு ஷூ. உலகம் பூரா ஒரு தலைமுறைக்கே பழக்கமான உருவம். ட்ரெய்லரில் வந்ததோ வேற யாரோ. சின்னக் கண்ணு, மனுஷக் கால் மாதிரி நீளமான கால், எல்லாத்துக்கும் மேல மனுஷப் பல் வரிசை. பார்த்தவங்க சிரிச்சாங்க, கொஞ்சம் பேர் நிஜமாவே பயந்தாங்க.

ரெண்டே நாளில் இயக்குநர் ஜெஃப் ஃபவுலர் ட்விட்டரில் வந்து, உங்க விமர்சனம் புரிஞ்சது, உருவத்தை மாத்துறோம் என்று அறிவித்தார். 2019 நவம்பர் 8-ல் வர வேண்டிய படம் 2020 பிப்ரவரி 14-க்குத் தள்ளிப்போச்சு. சோனிக் ரசிகர்களுக்கு ஏற்கெனவே நல்லாத் தெரிந்த ஓவியர் டைசன் ஹெஸ் தலைமையில் உருவம் திரும்ப வரையப்பட்டது. நவம்பரில் புது ட்ரெய்லர் வந்தப்போ அதே ரசிகர்கள் கை தட்டினாங்க. படம் உலக அளவில் சுமார் 32 கோடி டாலர் வசூலித்தது.

இந்த லூப் ஏன் வேலை செஞ்சது? மூணு காரணம். ரசிகர்கள் அவுட்புட்டைக் கண்ணால் பார்த்துட்டுப் பேசினாங்க. ரெஃபரன்ஸ் எல்லார் கையிலும் ஒண்ணாவே இருந்தது, 1991-லிருந்து. எர்ரரைப் பேர் சொல்லிச் சொன்னாங்க: பல், கண், கையுறை. "மஞ்சள் மேல வெள்ளை எழுத்து" மாதிரி. பலர் தாங்களே ட்ரெய்லர் காட்சியைத் திருத்தி வரைந்தும் காட்டினாங்க.

ஆனா ஒரு அடிக்குறிப்பு இருக்கு. படம் வெளிவர ரெண்டு மாசம் இருக்கும்போது, 2019 டிசம்பரில், அந்தப் படத்தின் கிராஃபிக்ஸில் வேலை செய்த எம்.பி.சி. நிறுவனத்தின் வான்கூவர் ஸ்டூடியோ மூடப்பட்டது. வெளிச் சந்தையின் நெருக்கடி என்று நிறுவனம் காரணம் சொன்னது. ரசிகர்களால்தான் மூடினாங்கன்னு யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லலை. ஆனா நாம "ஜெயிச்சுட்டோம்" என்று மீம் போட்டுக்கிட்டிருந்த அதே நேரத்தில், அந்தப் பல்லையும் கண்ணையும் ஃபிரேம் ஃபிரேமா திருத்தியவங்களில் சிலர் அடுத்த வேலை தேடிக்கிட்டிருந்தாங்க. லூப் டயகிராமில் 'பிளான்ட்' என்று ஒரு டப்பா போடுவோமே, அந்த டப்பாவுக்குள்ள மனுஷங்க இருக்காங்க.

பாடம் 2: அவுட்புட் வரும் முன்னே எர்ரர் – பேட்மேனும் ஜோக்கரும்

இப்போ தலைகீழ் கதை. 1988-ல் டிம் பர்ட்டன் இயக்கும் 'பேட்மேன்' படத்துக்கு மைக்கேல் கீட்டன் ஹீரோ என்று அறிவிப்பு வந்தது. அதுவரைக்கும் கீட்டனைப் பெரும்பாலும் காமெடிப் படங்களில்தான் பார்த்திருந்தாங்க. இருட்டும் இறுக்கமுமான ஒரு ஹீரோவுக்கு இவரா? இன்டர்நெட் வீட்டுக்கு வராத காலம். ஆனாலும் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்குச் சுமார் 50,000 எதிர்ப்புக் கடிதங்கள் போனதாகச் சொல்வாங்க. காகிதம் வாங்கி, கையால் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பின கோபம். 1989 ஜூனில் படம் வந்தது, 40 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இன்னைக்கும் "என் பேட்மேன் கீட்டன்தான்" என்று சொல்றவங்க ஏராளம்.

2006-ல் அதே கதை திரும்ப நடந்தது. ஜோக்கர் வேஷத்துக்கு ஹீத் லெட்ஜர் என்றதும், காதல் படத்தில் நடிச்ச பையன் ஜோக்கரா என்று கிண்டல். 2008-ல் 'த டார்க் நைட்' வந்தது. லெட்ஜர் அந்த வருஷம் ஜனவரியிலேயே இறந்துபோயிருந்தார். 2009-ல் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கரை அவர் குடும்பத்தினர் மேடையேறி வாங்கினாங்க. நடுவில் 2005-ல் டேனியல் கிரெய்க் ஜேம்ஸ் பாண்டாக அறிவிக்கப்பட்டப்போ, பொன்னிற முடி உள்ள பாண்டா என்று சண்டை. அடுத்த வருஷம் வந்த 'கசினோ ராயல்' அதுவரை வந்த பாண்ட் படங்களிலேயே அதிக வசூல்.

"அப்போ ரசிகர்கள் எப்பவும் தப்பு" என்று முடிவு கட்டிடாதீங்க. நான் எனக்கு வசதியான உதாரணங்களைப் பொறுக்கி எடுத்திருக்கேன். ரசிகர்கள் பயந்த மாதிரியே சொதப்பின படங்களும் உண்டு. விஷயம் வேற. சோனிக்கில் நம்ம கையில் ஒரு அளவீடு இருந்தது. கீட்டன் விஷயத்தில் இருந்தது ஒரு பெயர் மட்டும்தான். அவுட்புட்டே வரலை, ஆனா எர்ரர் கணக்குப் போட்டாச்சு. லேபில் ரீடிங் எடுக்காமலே அப்சர்வேஷன் நோட்டில் டேபிளை நிரப்புற வேலை மாதிரிதான் இது. சில சமயம் சரியாக்கூட வரும். அதுக்காக அதை எக்ஸ்பெரிமெண்ட் என்று சொல்ல முடியாது.

பாடம் 3: ரெஃபரன்ஸ் யாருடையது? – டயாப்லோ

2018 நவம்பர், அமெரிக்காவின் அனாஹைம் நகரம். பிளிஸார்ட் கேம் நிறுவனத்தின் வருடாந்திர விழா, பிளிஸ்கான். டிக்கெட் வாங்கி, விமானம் ஏறி வந்திருந்த ரசிகர் கூட்டம். 2012-ல் 'டயாப்லோ 3' வந்து ஆறு வருஷம் ஆச்சு, இப்போ நாலாவது பாகம் அறிவிப்பாங்க என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாங்க. மேடையில் அறிவிச்சது 'டயாப்லோ இம்மார்ட்டல்', மொபைல் ஃபோனுக்கான கேம்.

கேள்வி நேரத்தில் ஒரு ரசிகர் எழுந்து, இது காலம் தப்பி வந்த ஏப்ரல் ஃபூல் ஜோக்கா என்று கேட்டார். இதை பிசியில் விளையாட முடியாது என்றதும் கூட்டம் கூச்சல் போட, மேடையில் இருந்த டிசைனர் "ஏன், உங்ககிட்டல்லாம் ஃபோன் இல்லையா?" என்கிற மாதிரி கேட்டுட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு வரி வருஷக்கணக்கில் மீமாக ஓடியது. ட்ரெய்லருக்கு டிஸ்லைக் மழை.

இதில் யார் மேல தப்பு? கேமை அங்கே இருந்த பெரும்பாலானவங்க விளையாடியே பார்த்திருக்க மாட்டாங்க. அதனால எர்ரர் அவுட்புட்டிலிருந்து வந்ததில்லை. ரெஃபரன்ஸில்தான் சிக்கல். வருஷக்கணக்கா கம்ப்யூட்டரில் விளையாடினவங்களை ஒரு ஹாலில் உட்கார வெச்சு, அவங்க மனசில் என்ன ரெஃபரன்ஸ் இருக்கும் என்று யோசிக்காமல் மேடை ஏறினது நிறுவனத்தின் பிழை. நிறுவனம் எந்த இடத்திலும் சொல்லாத ஒரு வாக்குறுதியை மனசுக்குள்ளேயே எழுதிக்கிட்டு, அது உடைஞ்சுபோச்சுன்னு கத்தினது ரசிகர்கள் பக்கப் பிழை. அடுத்த வருஷமே 'டயாப்லோ 4' அறிவிப்பு வந்தது என்பது கதையின் பின்பாதி.

நம்ம ஊர் பாஷையில் சொன்னா, "தலைவர் பிறந்தநாளுக்குக் கண்டிப்பா டீசர் வரும்" என்று யாரோ கிளப்பி விட்டு, டீசர் வராமல் வெறும் போஸ்டர் வந்ததும் தயாரிப்பாளரைத் திட்டுற கதைதான் இது. திட்டுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: டீசர் வரும்னு சொன்னது யாரு?

பாடம் 4: போலிங்கும் இன்டரப்ட்டும் – வலிமை அப்டேட்

இந்தக் கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையே இல்லை. ஆனா மைக்ரோப்ராசஸர் கண்ணாடி போட்டு ஒரு தடவை பாருங்க.

2019 அக்டோபரில் 'வலிமை' படம் பூஜை போட்டாங்க. 2020-ல் கொரோனா வந்து ஷூட்டிங் நின்னு நின்னு போச்சு. மாசக்கணக்கில் எந்தச் செய்தியும் இல்லை. ரசிகர்கள் கேட்க ஆரம்பிச்சாங்க: "வலிமை அப்டேட்?" முதலில் படக்குழுவிடம். அப்புறம் கண்ணில் பட்ட எல்லாரிடமும். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இந்தியா–இங்கிலாந்து டெஸ்ட் நடந்தப்போ, எல்லைக்கோட்டில் நின்னுக்கிட்டிருந்த இங்கிலாந்து வீரர் மொயீன் அலியிடம்கூடக் கேட்டாங்க. பாவம், அவர் விக்கெட் எடுக்க வந்தவர்.

அதே மாசம் அஜித் ஒரு அறிக்கை விட்டார். அரசு, அரசியல், விளையாட்டு என்று பல இடங்களில் ரசிகர்கள் நடந்துகிட்ட விதம் வருத்தம் தருது, உரிய நேரத்தில் தகவல் வரும், அதுவரை பொறுமையா இருங்க, உங்களுக்கு சினிமா பொழுதுபோக்கு, எனக்கு அது தொழில் என்பதுதான் அதன் சாரம். ஃபர்ஸ்ட் லுக் 2021 ஜூலை 11-ல் வந்தது. படம் 2022 பிப்ரவரி 24-ல்.

எம்பெடட் கிளாஸில் படிச்சிருப்பீங்க. ஒரு டிவைஸ் ரெடியா, ரெடியா என்று ப்ராசஸர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருந்தா அது போலிங். டிவைஸ் ரெடியானதும் தானே கூப்பிட்டா அது இன்டரப்ட். போலிங் பண்றதால டிவைஸ் ஒரு மைக்ரோ செகண்ட்கூட வேகமா வேலை செய்யாது. ப்ராசஸர் நேரம்தான் வீணாகும். அதிலும், சம்பந்தமே இல்லாத போர்ட்டில் போலிங் பண்ணினால்? மொயீன் அலி கிட்ட அப்டேட் கேட்டது அதுதான்.

ஒண்ணு ஒத்துக்கணும். ஆரம்பத்தில் அது ஜாலியாகத்தான் இருந்தது, நானும் சிரிச்சிருக்கேன். ஊரடங்கில் அடைஞ்சு கிடந்த காலத்தில், எல்லாரும் சேர்ந்து சொல்ல ஒரு வார்த்தை கிடைச்ச சந்தோஷம் அது. ஆனா யாருக்காக அந்தக் கூட்டம் கூடியதோ, அவரே "வருத்தமா இருக்கு" என்று சொன்ன பிறகு, அந்த ஜோக் யாருடையது என்று யோசிக்கணும் இல்லையா?

பாடம் 5: கெயினைக் கூட்டினால் – சைபர்பங்க் 2077

கண்ட்ரோல் சிஸ்டத்தில் ஒரு ஆபத்தான கூட்டணி உண்டு. அதிக கெயின், அதோடு அதிக டிலே. எர்ரரை ரொம்பப் பெருக்கி, சிஸ்டம் பதில் சொல்லவும் நேரமாச்சுன்னா, அவுட்புட் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஊசலாட ஆரம்பிக்கும். சினிமாவும் கேமும் டிலே அதிகமான சிஸ்டங்கள். இன்னைக்கு நாம கத்தினா, அது திரையில் தெரிய மாசங்கள், வருஷங்கள் ஆகும். கெயினோ இன்டர்நெட் தயவில் எக்கச்சக்கம்.

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் செஞ்ச 'சைபர்பங்க் 2077' கேம் 2020 ஏப்ரலில் வர வேண்டியது. செப்டம்பருக்குத் தள்ளினாங்க, அப்புறம் நவம்பர் 19-க்கு. அக்டோபர் கடைசியில் இன்னும் 21 நாள் தள்ளி டிசம்பர் 10 என்றாங்க. வெறும் மூணு வாரம். அதுக்கு அங்கே வேலை செஞ்ச சில பேருக்குக் கொலை மிரட்டல் வந்தது. வாழ்த்தோ திட்டோ எதுவா இருந்தாலும் பரவாயில்லை, கொலை மிரட்டல் மட்டும் வேணாம், நாங்களும் உங்களை மாதிரி மனுஷங்கதான் என்று அங்கே இருந்த ஒரு டிசைனர் பொதுவெளியில் கேட்டுக்க வேண்டி வந்தது.

டிசம்பர் 10-ல் கேம் வந்தது. பழைய கன்சோல்களில் ஓட முடியாமல் திணறியது, பக் மேல பக். ஒரே வாரத்தில் சோனி தன் பிளேஸ்டேஷன் கடையிலிருந்து அதை எடுத்துட்டு, கேட்டவங்களுக்குக் காசையும் திருப்பித் தந்தது. இப்போ கோபம் எதிர்த்திசையில்: "ஏன்டா அவசரப்பட்டு ரிலீஸ் பண்ணீங்க?"

இதை ரசிகர்கள் தலையில் கட்ட முடியாது. முடிவு எடுத்தது நிர்வாகம். அதன் இணை நிறுவனரே 2021 ஜனவரியில் வீடியோவில் வந்து, பொறுப்பு தலைமையுடையதுதான், எங்க டீமைத் திட்டாதீங்க என்றார். ஆனா ஒரு விஷயத்தைக் கவனிங்க. அக்டோபரில் வந்த மிரட்டலும் சரி, டிசம்பரில் வந்த வசவும் சரி, தேதியை முடிவு பண்ணாத ஆட்கள் மேலதான் பெரும்பாலும் விழுந்தது. எர்ரர் சிக்னல் கண்ட்ரோலருக்குப் போகாமல், கையில் கிடைச்ச கம்பியில் ஷாக் அடிச்ச கதை.

இப்போ நம்ம ஹோம்வொர்க்

அடுத்த அறிவிப்பு வரும்போது, கமெண்ட் பெட்டியில் விரல் வைக்கும் முன்னாடி இந்த அஞ்சு கேள்வி:

1. நான் அவுட்புட்டைப் பார்த்துட்டேனா, இல்லை ஒரு பெயரை மட்டும்தானா?
2. என் ரெஃபரன்ஸ் எங்கிருந்து வந்தது? அவங்க சொன்னதா, நானே நினைச்சுக்கிட்டதா?
3. எர்ரரைப் பேர் சொல்லிச் சொல்ல முடியுதா? "மொக்கை" என்பது எர்ரர் இல்லை. "வசனம் பின்னணி இசைக்குள்ள மூழ்கிப்போகுது" என்பது எர்ரர்.
4. இது சரியான போர்ட்டுக்குப் போகுதா? முடிவு எடுத்தவருக்கா, மாட்டினவருக்கா?
5. இதே வார்த்தையை அந்த ஆளை கேன்டீனில் நேரில் பார்த்தா சொல்வேனா?

எல்லா கமெண்டும் டிசைன் ரிவ்யூ மாதிரி இருக்கணும்னு நான் சொல்லவே இல்லை. விசில் விசிலாகவே இருக்கட்டும். பிடிச்ச ஹீரோவுக்குக் கத்துறதுக்குக் கணக்கு எதுக்கு? ஆனா ஒரு வேலையைக் குறை சொல்ல ஆரம்பிச்ச நிமிஷம், நாம அந்த லூப்புக்குள்ள ஒரு சென்சார் ஆகிடுறோம். கோளாறான சென்சார் இருந்தா நல்ல சிஸ்டமும் கெட்டுப்போகும் என்று நமக்குத் தெரியாதா என்ன?

இன்னொரு காரணமும் இருக்கு. ரெண்டு மூணு வருஷத்தில் நம்மில் பல பேர் ஏதாவது ஒரு ஆப், ஒரு மெஷின், ஒரு கேம் செஞ்சு வெளியே விடப்போறோம். அப்போ பிளான்ட் என்கிற டப்பாவுக்குள்ள உட்கார்ந்திருக்கிறது நாமதான். ப்ளே ஸ்டோரில் ஒரு ஸ்டார் போட்டு "வேஸ்ட்" என்று எழுதிட்டுப் போறவர் நமக்கு எவ்வளவு உதவுவார், "ஆண்ட்ராய்டு அப்டேட்டுக்கு அப்புறம் லாகின் ஆகலை" என்று எழுதுறவர் எவ்வளவு உதவுவார் என்று அன்னைக்குத் தெரியும்.

அந்த ஜூனியர் பொண்ணுக்கு நான் அன்னைக்கு நன்றி சொல்ல மறந்துட்டேன். எமோஜிகளை எண்ணிக்கிட்டிருந்தேன். இந்த வருஷ சிம்போசியம் போஸ்டர் அவள்தான் பண்றாள். வந்ததும் பாருங்க. பிடிக்கலைன்னா, எது என்று சொல்லுங்க.